மைசூருக்கு எத்தனை நாள்?
ஒரே நாளில் ஊரைப் பார்த்து முடிக்கும் அவசரத்தில் கைநழுவுவது என்ன? டிக்கெட் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு.

ஊட்டியிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் சுற்றுலா வேனில் எல்லோருக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. பாட்டிக்கு சாமுண்டி மலை. அப்பாவுக்கு அரண்மனை. அம்மாவுக்குப் பட்டுச் சேலைக் கடை. பிள்ளைகளுக்கு மிருகக்காட்சி சாலையும் தண்ணீர்ச் சறுக்கும். டிரைவரின் மனதில் இருப்பதோ ஒரே விஷயம்: இரவு 9 மணி. பந்திப்பூர் காட்டுச் சாலை அந்த நேரத்துக்கு மூடப்பட்டு, மறுநாள் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். வன விலங்குகள் வாகனங்களில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க 2009-ல் வந்த ஏற்பாடு இது. அந்தப் பட்டியல்களில் யாருடையது அடிபடும் என்பதைக் கடைசியில் முடிவு செய்வது இந்த 9 மணிதான்.

மைசூர் என்றாலே ஒரு நாள் என்பது தமிழ்க் குடும்பங்களில் ஊறிப்போன கணக்கு. 2014-ல் ஊரின் பெயர் அதிகாரபூர்வமாக மைசூரு ஆனது. கணக்கு மட்டும் மாறவில்லை. பெங்களூர்க்காரர்களும் இப்போது இதே வழிக்கு வந்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட சுமார் 118 கிலோமீட்டர் விரைவுச் சாலை, மூன்று மணி நேரப் பயணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது. காலை இட்லிக்கு மைசூர், இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. வசதிதான். ஆனால் இரவு தங்காத பயணியால் விடுதிக்கும் வருமானம் இல்லை, ஆட்டோக்காரருக்கும் சவாரி குறைவு. பயணிக்கும் ஊரின் பாதிதான் கண்ணில் படுகிறது.

காரணம் எளிது. மைசூரின் இரண்டு முக்கியக் காட்சிகள் இருட்டிய பிறகு வருபவை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை 7 மணிக்கு அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் எரியும். முக்கால் மணி நேரம் நீடிக்கும். அதே மாலைப் பொழுதில்தான் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, கிருஷ்ணராஜ சாகர் அணையின் காலடியில் உள்ள பிருந்தாவனத்தில் இசை நீரூற்று ஆடத் தொடங்கும். இரண்டையும் ஒரே மாலையில் பார்ப்பது நடக்காத காரியம். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு மாலைகள் வேண்டும்.

உலகின் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் இந்த 'எத்தனை நாள்' என்ற கேள்வியையே வியாபாரமாக்கிவிட்டன. 1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிச் சீட்டு. 1980-களின் தொடக்கத்தில் அது ஒழிந்து, ஒரே கட்டணத்தில் நாள் முழுவதும் என்றாயிற்று. 1971-ல் தொடங்கிய புளோரிடா டிஸ்னி வேர்ல்டில் ஒரு நாளிலிருந்து பத்து நாள் வரை டிக்கெட் உண்டு. நாட்கள் கூடக்கூட ஒரு நாளுக்கான விலை குறையும். முதல் நாளுக்கு விலை அதிகம். கடைசி நாள் கிட்டத்தட்ட கொசுறு. பயணியைப் பக்கத்தில் வேறு எங்கும் போகவிடாமல் அங்கேயே தங்கவைக்கும் தந்திரம் இது.

மைசூரில் நிலைமை நேர் எதிர். ஊர் முழுவதற்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு வாசலிலும் தனி வரிசை, தனிச் சீட்டு. மிருகக்காட்சி சாலைக்கும் பக்கத்திலுள்ள காரஞ்சி ஏரிக்கும் சேர்த்து வாங்கும் சீட்டு ஒரு விதிவிலக்கு. தசரா சமயத்தில் விற்கப்படும் 'கோல்டு கார்டு' இன்னொன்று. அதன் விலை ஆயிரக்கணக்கில், எண்ணிக்கையும் குறைவு.

கேளிக்கைப் பூங்கா விஷயத்தில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. கே.ஆர்.எஸ். சாலையில் 1999 முதல் இயங்கும் ஜி.ஆர்.எஸ். பேன்டசி பார்க் ஆகட்டும், விரைவுச் சாலையின் பெங்களூர் முனையில் பிடதி அருகே 2005-ல் வந்த வொண்டர்லா ஆகட்டும், வாங்குவது ஒரு முழு நாள். அரண்மனையை அவசரமாகச் சுற்றிவிட்டு மதியம் 2 மணிக்கு உள்ளே நுழைபவரும் காலையில் வாசல் திறக்கும்போதே நின்றவரும் கொடுப்பது பெரும்பாலும் ஒரே தொகை. சாயங்காலம் பூங்கா மூடும் வரை மிஞ்சுவது நாலு மணி நேரம். அதிலும் உடை மாற்ற, வரிசையில் நிற்க என்று பாதி போய்விடும். ஐந்து பேர் குடும்பத்துக்கு இது சின்ன இழப்பு அல்ல.

கட்டணத்தில் வரியும் அடங்கும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கேளிக்கைப் பூங்கா நுழைவுக்கு 28 சதவீதம். 2018 ஜனவரியில் அது 18 சதவீதமாகக் குறைந்தது. மிருகக்காட்சி சாலைகளுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு. பல பூங்காக்களில் பிள்ளைகளின் அரை டிக்கெட்டைத் தீர்மானிப்பது வயதல்ல, உயரம். எட்டு வயதுப் பையன் கொஞ்சம் நெட்டையாக இருந்தால் முழு டிக்கெட்தான். வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டுக் கிளம்புவது நல்லது. நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி உடையும் சேலையும் ஆகாது, நைலான் உடை வேண்டும் என்பது வாசலில் போன பிறகு தெரிந்தால் அதற்கும் ஒரு செலவு.

அப்படியானால் எத்தனை நாள்? மைசூரைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான கேள்வி, எந்தெந்த நாள் என்பது. 1892-ல் தொடங்கிய சாமராஜேந்திர மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. காரஞ்சி ஏரிக்கும் அன்றுதான். பொறுமையாக நடந்து பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். அரண்மனையில் முழு விளக்கு அலங்காரம் ஞாயிறு மாலை. பூங்காக்களில் கூட்டம் சனி, ஞாயிறு. வரிசை குறைவது வார நாட்களில். இந்த மூன்றையும் கோத்துப் பார்த்தால் விடை தானே வருகிறது: ஞாயிறு, திங்கள், செவ்வாய்.

சென்னையிலிருந்து 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் காலையில் கிளம்பி, சுமார் ஆறரை மணி நேரத்தில், மதியம் மைசூரில் இறக்கிவிடுகிறது. ஞாயிறன்று அப்படி வந்தால் மிச்சம் அரை நாள். அன்று பூங்கா டிக்கெட் வாங்குவது வீண். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அரண்மனையைச் சுற்றலாம். 1897-ல் கல்யாண வீட்டில் பிடித்த தீயில் பழைய மர அரண்மனை எரிந்துபோக, சென்னை உயர் நீதிமன்றக் கட்டடப் பணியிலும் பங்குபெற்ற ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-ல் எழுந்தது இது. இருட்டும் வரை இருந்தால் விளக்குகளையும் பார்த்துவிடலாம்.

திங்கள் காலை வெயில் ஏறுமுன் சாமுண்டி மலை. கால் தாங்குபவர்களுக்கு ஆயிரம் படிகளும் வழியில் பெரிய நந்தியும் உண்டு. பாட்டியை வண்டியில் அழைத்துப் போகலாம். பிறகு மிருகக்காட்சி சாலை, மாலையில் பிருந்தாவனம். செவ்வாய், வேறு வாசல்கள் மூடிக்கிடக்கும் நாளில், காலையிலேயே கேளிக்கைப் பூங்கா. ஒரே நாள், ஒரே டிக்கெட், முழுப் பயன். அதற்கு மேல் இன்னொரு பூங்கா நாள் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கலாம். மதியத்துக்கு மேல் அதே சறுக்கில் நாலாவது தடவை ஏறுபவர்களைப் பார்த்தாலே அது தேவையா என்பது புரிந்துவிடும்.

இரண்டு இரவு விடுதி வாடகை கூடுதல் செலவுதான். ஆனால் ஒரு நாள் பயணத்திலும் டீசல், வேன் வாடகை, போக வரச் சுமார் 250 கிலோமீட்டர் அலைச்சல் எல்லாம் உண்டு. அந்தச் செலவைச் செய்துவிட்டு, எதற்காக வந்தோமோ அதைப் பார்க்காமல் திரும்புவதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

ஞாயிறு மாலை 7 மணிக்கு அரண்மனை முன் திரண்ட கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விளக்குகள் எரிந்ததும் ஒரு பெரிய 'ஓ' எழும். ஊட்டி வேன் அந்நேரம் குண்டலுப்பேட்டைப் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும், 9 மணிக்கு முன் காட்டைத் தாண்ட.