கூலியும் பிழைப்பும்: ஓர் அமெரிக்க நாடகத்தைக் கொல்லிமலையில் வாசித்தபோது

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறி வரும் இறையியல் மாணவர் பலர், வறுமை என்பது இத்தகைய மலையூர்களுக்கே உரியது என்னும் எண்ணத்தோடுதான் வருகின்றனர். செல்வம் கொழிக்கும் நாடுகளில் உழைக்கிறவன் வயிறு வாடுவதில்லை என்பதும் நம்மில் பலர் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட கருத்தே. இக்கருத்தை உடைக்கும் நாடகமொன்றை, கிராம அனுபவப் பயிற்சிக்கென வந்திருந்த சில மாணவரோடு அண்மையில் இம்மலையில் வாசித்தேன். அந்நாடகம் யாது, அது திருப்பணியாளராகிய நம்மிடம் எதனைக் கேட்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடகத்தின் பெயர் 'நிக்கல் அண்ட் டைம்ட்'. நிக்கல் என்பது ஐந்து சென்ட் நாணயம். டைம் பத்து சென்ட். ஒருவருடைய கைப்பொருள் சில்லறை சில்லறையாகப் பிடுங்கப்பட்டுக் கரைவதை இத்தொடர் குறிக்கும். அமெரிக்காவில் 1996-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, ஏழைக் குடும்பங்களுக்கு அரசு அளித்துவந்த உதவித்தொகைக்குக் கால வரம்பு விதித்து, அவர்களை வேலைக்குச் செல்லுமாறு பணித்தது. அவ்வாறு செல்வோர் பெறும் கூலியைக் கொண்டு பிழைக்க முடியுமா? இவ்வினாவுக்கு விடை காண, அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற எழுத்தாளரான பார்பரா எரென்ரைக் (1941-2022) தம் கல்வியையும் தொழிலையும் மறைத்துக்கொண்டு 1998-ஆம் ஆண்டு முதல் 2000 வரை வெவ்வேறு காலத்தில் மூன்று மாநிலங்களில் கூலி வேலை பார்த்தார். புளோரிடாவில் உணவகப் பரிமாறுநர். மெய்ன் மாநிலத்தில் வீடு துடைப்பவர், முதியோர் இல்லப் பணியாளர். மினசோட்டாவில் பேரங்காடிப் பணிப்பெண். அவ்வனுபவம் 2001-இல் நூலாக வந்தது. ஜோன் ஹோல்டன் அதனை நாடகமாக்க, 2002-இல் சியாட்டில் நகரின் இன்டிமன் அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியது. ஹோல்டன் 'சான் பிரான்சிஸ்கோ மைம் ட்ரூப்' என்னும் குழுவுக்கு நெடுங்காலம் நாடகம் எழுதியவர். பெயர் அவ்வாறிருப்பினும் அது ஊமைக்கூத்துக் குழு அன்று. பூங்காக்களில் பொதுமக்களுக்கு அரசியல் அங்கதம் நடித்துக்காட்டுவது. நம் நாட்டு வீதி நாடகக் குழுக்களுக்கு அது உறவுமுறை எனலாம்.

இந்நாடகத்தில் கொடியவன் என்று சுட்டத்தக்க பாத்திரம் எதுவும் இல்லை. கூட்டலும் கழித்தலுமே கதையை நடத்துகின்றன. அக்காலத்தில் நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15 டாலர். உணவகத்தில் பரிமாறுவோருக்கோ அதுவுமில்லை. எரென்ரைக் பெற்றது மணிக்கு 2.43 டாலரும், உண்பவர் விட்டுச்செல்லும் அன்பளிப்பும். ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிக்க முதல் மாத வாடகையோடு முன்பணமும் வேண்டும். அதனைச் சேர்க்க இயலாதவர்கள் நாள் வாடகை விடுதிகளில் தங்கி, மாத வாடகையைக் காட்டிலும் மிகுதியாகக் கொடுக்கின்றனர். அவ்வறையில் அடுப்பில்லை; ஆகவே கடையில் வாங்கி உண்கின்றனர். சிலர் தம் வண்டியிலேயே உறங்குகின்றனர். ஏழையாய் இருப்பதற்கே கூடுதல் செலவாகிறது என்னும் இம்முரண்பாட்டைப் பொருளியல் நூல்களைக் காட்டிலும் இந்நாடகம் தெளிவாக உணர்த்துகிறது. குறைந்தபட்சக் கூலி 2009-இல் 7.25 டாலராக உயர்த்தப்பட்டது. பல மாநிலங்கள் தாமாகவே அதனினும் மிகுதியாக நிர்ணயித்துள்ளன எனினும், பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் நாடு தழுவிய தொகை அவ்வாறே நின்றது.

வீடு துடைக்கும் ஹாலி என்னும் பெண்ணின் காட்சியே என் மனத்தை விட்டு அகலவில்லை. வேலையிடத்தில் விழுந்து கணுக்காலில் அடிபட்ட பின்னும் அவள் வேலையை நிறுத்த மறுக்கிறாள். பார்பரா அவளுக்காக முதலாளியிடம் வாதாட முற்படும்போது அவள் கோபம் பார்பராவின்மீதே பாய்கிறது. ஒரு நாள் கூலி போய்விட்டால் என்னாகும் என்பது அவளுக்குத் தெரியும்; பார்பராவுக்குத் தெரியாது.

மூல நூலில் திருச்சபையும் தலைகாட்டுகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து மகிழ்ச்சியோடு உணவகத்திற்கு வந்த பத்துப் பேர், பரிமாறுபவரை ஓயாமல் ஓடவைத்து, 92 டாலருக்கு உண்டபின் விட்டுச்சென்ற அன்பளிப்பு ஒரே டாலர். மெய்ன் மாநிலத்தில் எரென்ரைக் ஒரு கூடார எழுப்புதல் கூட்டத்திற்கும் செல்கிறார். அங்கே சிலுவையில் மரித்த கிறிஸ்துவைப்பற்றி மிகுதியாகப் பேசப்படுகிறது. எளியோரோடு உண்டு, மலைமேல் போதித்த கிறிஸ்துவைப்பற்றிப் பேச்சே இல்லை. கேட்டிருந்தவர்களோ பெரும்பாலும் எளியோர். எரென்ரைக் கடவுள் நம்பிக்கை அற்றவர். ஆகவே அவர் கூற்றைத் தள்ளிவிடலாம் என்று மாணவர் ஒருவர் கூறினார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நம் பிரசங்கத்தில் எது விடுபட்டது என்பது சில வேளைகளில் வெளியே நிற்பவருக்கே முதலில் தென்படுகிறது.

நாடகத்தின் நடுவே நடிகர்கள் தங்கள் வேடத்தை விட்டு வெளியே வந்து, பார்வையாளரைப் பார்த்தே கேட்கின்றனர்: உங்களில் எத்தனை பேர் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள்? அவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? மேலை நாட்டுத் திறனாய்வாளருக்கு உடனே பிரெக்ட் நினைவுக்கு வருவார். தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கோ கட்டியங்காரன் நினைவுக்கு வருகிறான். அரசனையும் கேலி செய்து, கூடியிருப்போரையும் வம்புக்கு இழுப்பவன் அவன் அல்லவா? நாட்டுப்புறக் கலைகளை வழிபாட்டுக்குள் கொண்டுவந்த, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு இக்காட்சியைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வாசிப்பின் மூன்றாம் மாலையில், ஊரார் சிலர் திண்ணையில் வந்தமர்ந்து, என்ன படிக்கிறீர்கள் என்று வினவினர். கதையைச் சொன்னேன். வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் நெடுநேரம் மௌனமாயிருந்து, "அவங்களுக்குச் சொந்தமா ஒரு குடிசைகூட இல்லையா, ஐயா?" என்று கேட்டார். இம்மலை மக்களுக்குப் பெரும்பாலும் சொந்தக் குடிசையும் சிறிது காடும் உண்டு. ஆயினும் தினையும் சாமையும் விளைந்த நிலத்தில் இன்று மிகுதியாய் நிற்பது சேகோ ஆலைகளுக்குச் செல்லும் குச்சிக்கிழங்கு. அதன் விலையை மலைக்குக் கீழே இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். விலை வீழ்ந்த ஆண்டில் இளைஞர்கள் கருநாடகத்துக்கும் கேரளத்துக்கும் தோட்ட வேலைக்குப் புறப்படுகின்றனர். குடகிலிருந்து திரும்பியிருந்த இளைஞன் ஒருவன், முன்பணம் கழித்தது, பேருந்துக்கு, அரிசிக்கு, காய்ச்சலில் படுத்த நாட்களுக்கு என்று விரல் மடக்கிக் கணக்குச் சொன்னான். நாடகத்தின் கணக்கும் அவன் கணக்கும் ஒன்றே. வீட்டு வேலையாள் பற்றிய வினாவை மட்டும் அத்திண்ணையில் எழுப்ப எனக்கு நா எழவில்லை. அங்கே ஆள் வைத்திருந்தவர் யாருமில்லை, எங்களைத் தவிர.

நாமக்கல் மண்ணின் நாவலாசிரியர் கு. சின்னப்ப பாரதி, கொல்லிமலை மக்கள் ஒன்றுதிரண்டு உரிமை கேட்பதைச் 'சங்கம்' என்னும் நாவலில் எழுதினார். அமெரிக்க நாடகத்தில் அத்தகைய திரட்சி இல்லை. தொழிற்சங்கம் பற்றிப் பார்பரா பேரங்காடியில் பேசத் தொடங்குகிறார். பிறகு வீடு திரும்பிவிடுகிறார். ஹாலிகள் அங்கேயே இருக்கின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இத்தகைய அனுபவத்தை நம் மாணவர்கள் கட்டுரைகளில் பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தின் தன்வெறுமையோடு ஒப்பிட்டு எழுதுகின்றனர். திரும்பிச் செல்லப் பயணச்சீட்டு பையில் இருக்கும்போது அது தன்வெறுமை ஆகாது. எரென்ரைக் தாமே இதனை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். 1913-இல் கொல்லிமலைக்கு வந்த ஜெஸ்ஸி பிராண்ட் வாழவந்தியில் தங்கி, மருத்துவம் பார்த்து, பள்ளிகள் தொடங்கி, தச்சும் உழவும் கற்பித்து, 1929-இல் மலேரியாவினால் வந்த கருநீர்க் காய்ச்சலில் மாண்டார். அவர் மனைவி ஈவ்லின் 1974-இல், தொண்ணூற்றைந்து வயதில் மறையும்வரை இம்மலை மக்களை மறக்கவில்லை. அவர்களும் அயல்நாட்டினராகவே வாழ்ந்தனர் என்பது உண்மை. ஆனால் உழைப்பவனின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை நற்செய்திக்குப் புறம்பான செய்தியாக அவர்கள் கருதவில்லை.

திருமறையும் அவ்வாறு கருதவில்லை. பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி உபாகமம் 24 கட்டளையிடுகிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு 5 கூறுகிறது. மத்தேயு 20-இல் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழு நாட்கூலி கிடைக்கிறது. இதனை அருளின் உவமையாக மட்டும் பிரசங்கித்துப் பழகிவிட்டோம். அந்த நாட்கூலி ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உணவு என்பதையும், அதில் பாதி கொடுத்தால் பாதி வீடு பசித்திருக்கும் என்பதையும் திராட்சத்தோட்டக்காரர் அறிந்திருந்தார். நம் உச்ச நீதிமன்றமும் 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது.

மலையிலிருந்து இறங்கிய வாரத்தில் என் ஆயர்சேகரத்தின் கணக்கேட்டைப் புரட்டினேன். ஆலயப் பணியாளரின் மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்துப் பார்த்தேன். தமிழ்நாட்டில் ஊரக வேலைத் திட்டத்துக்கு 2024-25-இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். எனக்குக் கிடைத்த எண் அதனினும் சிறியது. அந்தச் சம்பளப் பட்டியலில் ஆண்டுதோறும் கையொப்பம் இட்டவன் நானே. அடுத்த குழுக்கூட்டத்தில் இதனைப் பேசவேண்டும் என்று பொருளாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அவர் பகுதிநேரம்தானே, ஐயா" என்றார் அவர். காலை ஐந்து மணிக்கு ஆலய மணியை அடிப்பவரும், இரவு செபக்கூட்டம் முடிந்து கதவைப் பூட்டுபவரும் அந்த ஆலயப் பணியாளரே.