மருந்துக் கடைச் சலுகையும் மாதக் கணக்கும்

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய நாம், மாத வரவு செலவைத் திட்டமிடும்போது வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை ஆகியவற்றை முதலில் எழுதிக்கொள்கிறோம். மருந்துச் செலவு பெரும்பாலும் கடைசி வரியில் இடம் பெறுகிறது. வீட்டில் முதியோர் இருவர் இருந்துவிட்டால் அந்தக் கடைசி வரி சில மாதங்களில் முதல் வரியை எட்டிப் பிடித்துவிடுகிறது. இச்செலவைக் குறைத்துத் தருவதாகச் சொல்லிக் கடைக்காரர்கள் நமக்கு வழங்குபவை இரண்டு. ஒன்று கூப்பன் எனப்படும் சலுகைச் சீட்டு. மற்றொன்று, நம் தொலைபேசி எண்ணின் பேரில் சேரும் புள்ளிகள். இவை எவ்வாறு இயங்குகின்றன, இவற்றால் உண்மையில் மிச்சமாவது எவ்வளவு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இம்முறை செழித்து வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே சோப்பும் பற்பசையும் தயாரிக்கும் நிறுவனங்கள், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளுடன் சலுகைச் சீட்டுகளை நெடுங்காலம் அனுப்பி வந்தன. இல்லத்தரசிகள் அவற்றைக் கத்தரித்துச் சேர்த்துக் கடைக்கு எடுத்துச் செல்வார்கள். கடைக்காரர் விலையில் தள்ளிக் கொடுத்த தொகையைத் தயாரிப்பாளரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வார். அந்நாட்டு மருந்துக் கடைகளில் சோப்பு, சீப்பு, தின்பண்டம் எல்லாமே கிடைக்கும். அத்தகைய கடைகளை நாடெங்கும் நடத்தும் சி.வி.எஸ். நிறுவனம் 2001ஆம் ஆண்டு முதல் உறுப்பினர் அட்டை முறையை நாடு முழுவதும் கையாண்டு வருகிறது. வாங்கிய தொகையில் ஒரு சிறு பங்கு, அடுத்த முறை செலவிடத்தக்க சலுகையாகத் திரும்பி வரும். தயாரிப்பாளரின் சீட்டையும் கடையின் சலுகையையும் ஒரே பொருளில் இணைத்துப் பாதி விலைக்கு வாங்கும் திறமைசாலிகள் அங்கே பலர் உண்டு.

கடைக்காரர் இவ்வளவு தாராளமாக இருப்பது ஏன்? நாம் வேறு கடைக்குப் போகாமல் இருப்பதற்காக. ஒன்று வாங்க வந்தவர் மூன்று வாங்குவதற்காக. யார், எதை, எப்போது வாங்குகிறார் என்பதை அறிந்துகொள்வதற்காக. மருந்துக் கடையில் இந்த மூன்றாவது காரணம் கவனத்திற்குரியது. தொலைபேசி எண்ணைக் கொடுக்கும்போது, நம் வீட்டின் நோய் விவரத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பத்து சதவீதத் தள்ளுபடியும் பத்து சதவீதப் புள்ளிகளும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். அவை ஒன்றல்ல. ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்குத் தள்ளுபடி கிடைத்தால் நாம் கொடுப்பது 900 ரூபாய். மிச்சம் இன்றே கையில் நிற்கிறது. புள்ளிகளாயின் இன்று ஆயிரம் ரூபாயும் கொடுத்துவிட்டு, நூறு ரூபாய்ப் பொருளைப் பின்னொரு நாள் பெறுகிறோம். அதாவது 1,100 ரூபாய்ப் பொருளுக்கு ஆயிரம் ரூபாய்; மிச்சம் ஏறக்குறைய ஒன்பது சதவீதமே. அதுவும் கெடு முடிவதற்குள் மீண்டும் அதே கடைக்குச் சென்றால்தான். வேலை மாற்றலில் ஊர்விட்டு ஊர் செல்லும் நம்மைப் போன்றோர் விட்டுச் செல்லும் புள்ளிகள் எத்தனை! புள்ளி என்பது பணமன்று, கடையின் வாக்குறுதி மட்டுமே. அமெரிக்காவின் பெரிய மருந்துக் கடை நிறுவனங்களுள் ஒன்றான ரைட் எய்ட் 2025ஆம் ஆண்டில் தன் கடைகள் அனைத்தையும் மூடிவிட்டது. மூடிய கடையில் எந்தப் புள்ளியைக் காட்டி எதை வாங்குவது?

மற்றொரு கணக்கு. ஒரு நிறுவனத்தின் மாத்திரை அட்டையில் பத்து மாத்திரை, விலை 60 ரூபாய். மற்றொன்றில் பதினைந்து மாத்திரை, விலை 75 ரூபாய் என வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு இருபது சதவீதமும் இரண்டாவதற்குப் பத்து சதவீதமும் தள்ளுபடி. பெரிய தள்ளுபடியே லாபம் என்று தோன்றும். ஆனால் முதலாவதில் ஒரு மாத்திரை 4 ரூபாய் 80 காசு. இரண்டாவதில் 4 ரூபாய் 50 காசு. சதவீதம் கண்ணை மயக்கும். ஒரு மாத்திரையின் விலையே உண்மையைச் சொல்லும்.

தில்லியில் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெரியவர், தனியார் நிறுவனமொன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் புலியான அவர், தம் மருந்துக் கடைப் புள்ளிகளைப் பெருமையுடன் என்னிடம் காட்டினார். ஒரு மாலை இருவரும் பழைய ரசீதுகளைப் பிரித்துப் பார்த்தோம். சலுகைக்குரிய தொகையை எட்டுவதற்காக மாதந்தோறும் ஒரு சத்துமாவு டப்பா வாங்கியிருந்தார். அதே மாதங்களில், செலவு தாங்காமல், சர்க்கரை நோய்க்கான இரவு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்கொண்டு வந்ததையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

அவருக்கு உதவியது வேறு வழி. பிற மொழி வழங்கும் ஊரில் நாம் பழைய மாத்திரை அட்டையை நீட்டி, "இதே வேண்டும்" என்று சைகை காட்டுகிறோம். கடைக்காரரும் அதே வணிகப் பெயருள்ள மருந்தைத் தருகிறார். ஆனால் அட்டையில் மருந்தின் மூலப்பெயரும் அச்சிடப்பட்டிருக்கும்: மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்பன போல. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நான் வியப்பது, இப்பெயர்களுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை என்பதுதான். கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் அவை ஒன்றே.

மூலப்பெயரிலேயே மருந்து விற்கும் மக்கள் மருந்தகங்களை மத்திய அரசு 2008ஆம் ஆண்டு தொடங்கியது. 'ஜன் ஔஷதி' என்னும் பெயர்ப்பலகையுடன் விளங்கும் இவற்றின் எண்ணிக்கை 2023ஆம் ஆண்டில் பத்தாயிரத்தை எட்டியது. விளம்பரச் செலவு இங்கே விலையில் ஏறுவதில்லை. ஆகவே பல மருந்துகள் வணிகப் பெயர் மருந்தின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. எந்தப் புள்ளியும் தராத மிச்சம் இது. அரசு விலைக் கட்டுப்பாட்டுக்குள் அடங்கிய மருந்துகளின் உச்ச விலையைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் வெளியிடுகிறது. அதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. எல்லா மருந்தும் எல்லா மருந்தகத்திலும் இராது. மூலப்பெயருடன் அளவும் பொருந்த வேண்டும்: 500 மில்லிகிராமுக்கு 850 ஈடாகாது. மருந்தை மாற்றுமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது அவசியம். வலிப்பு, தைராய்டு போன்றவற்றுக்கான மருந்துகளில் இது மிக முக்கியம். காலாவதித் தேதியைப் பார்த்து, ரசீது பெற்றுக்கொள்க.

இவ்வளவும் செய்த பின், சோப்புக்கும் பற்பசைக்கும் கூப்பன் கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். எப்படியும் வாங்கவிருந்த பொருளுக்குக் கிடைப்பதே சலுகை. சலுகைக்காக வாங்கும் பொருள் செலவு. எங்கள் பெரியவர் மருத்துவரைக் கேட்டு மருந்தை மாற்றிக்கொண்டார். சத்துமாவு டப்பா நின்றது. இப்பொழுது அவர் இரவு மாத்திரையை ஒரு நாளும் தவறவிடுவதில்லை.