முட்டை எடுத்தவர்களே காவல் நிற்கும் கரை

கமம் செய்தவர்களுக்கு விதைநெல்லின் அருமையை எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அடுப்பு எரியாத நாளிலும் அதைக் குத்தாமல் கட்டி வைத்த பெற்றோர் எமக்கிருந்தனர். ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அந்த மூட்டையைச் சுமக்க முடியாமல் விட்டுவந்த குடும்பங்களும் எம்மிடையே உண்டு. கடலாமை முட்டையைப் பற்றி எழுத முற்படுகையில் எமக்கு அந்த விதைநெல்தான் நினைவுக்கு வருகின்றது. இடம்பெயர்ந்து கடற்கரையோரம் வாழ நேர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு இது பழக்கமில்லாத உயிரினம். ஆதலால் சற்று விரிவாகவே சொல்கின்றோம்.

உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து வகைகள் இலங்கைக் கரைகளுக்கு முட்டையிட வருகின்றன. அவை பேராமை, அழுங்காமை, சிற்றாமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்பன. பெண் பேராமை இரவில் கரையேறி, பின் துடுப்புகளால் மணலில் ஆழமாகக் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் மறுபடியும் வரும். ஒரு பருவத்தில் இப்படிப் பல தடவை வந்துவிட்டு, பின்னர் சில ஆண்டுகளுக்குக் கரைப்பக்கமே தலைகாட்டாது. முட்டை பொரிக்க ஏறத்தாழ இரண்டு மாதம் செல்லும். மணலின் சூடே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கின்றது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். பிறந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்தை அடைய இருபது ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அதுவரை தப்பிப் பிழைப்பவை மிகச் சிலவே.

இங்கேதான் ஓர் ஏமாற்று இருக்கின்றது. விதைநெல்லைத் தின்றவனுக்கு அடுத்த போகத்திலேயே தண்டனை கிடைத்துவிடும். ஆமை முட்டையை எடுத்தவனுக்கு அப்படியல்ல. இந்த வருடம் ஒரு முட்டையும் மிஞ்சாமல் எடுத்தாலும் அடுத்த வருடம் ஆமைகள் வரவே செய்யும். அதற்கடுத்த வருடமும் வரும். ஏனெனில் வருபவை இருபது முப்பது வருடங்களுக்கு முன் பொரித்த குஞ்சுகள். தாய் ஆமைகள் ஒவ்வொன்றாக மடிந்து தீர்ந்த பின்னரே கரை வெறுமையாகும். எடுத்தவரின் பிள்ளை அப்போது பெரியவனாகியிருப்பான்.

இலங்கையில் விலங்கினங்கள், தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1972 ஆம் ஆண்டிலிருந்து கடலாமைகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. ஆமையைக் கொல்வதும், முட்டையை எடுப்பதும், இறைச்சியையோ ஓட்டையோ வைத்திருப்பதும் குற்றம். சட்டம் கடதாசியில் இருந்தது. முட்டை சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. தென்கரையில் தங்காலைக்கு அப்பாலுள்ள றெக்கவ என்னும் ஊரில் அநேகமாக எல்லாக் கூடுகளுமே தோண்டப்பட்டு வந்தன. தோண்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். கடலுக்குப் போக வள்ளமில்லாதவர்களுக்கு ஒரு கூட்டு முட்டையின் காசு வீட்டுச் செலவுக்கு உதவியது. அதை நிறுத்து என்று சொல்பவர், அந்தக் காசுக்கு என்ன வழி என்றும் சொல்ல வேண்டும் அல்லவா?

1993 இல் கடலாமைப் பாதுகாப்புத் திட்டம் என்னும் அமைப்பு றெக்கவக்கு வந்தது. அவர்கள் முதலில் ஊர்ப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் பழகினர். 1996 இல் முட்டை எடுத்து வந்த 17 பேரையே சம்பளத்துக்குக் கூடு காவலர்களாக அமர்த்தினர். இதை நாம் மிகவும் புத்திசாலித்தனமான செயலாக மதிக்கின்றோம். எந்த இரவில் ஆமை ஏறும், எந்தத் தடம் கூட்டுக்குப் போகும், எது வெறுந்தடம் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? முட்டைகளை வேறிடத்துக்கு மாற்றாமல், இட்ட குழியிலேயே விட்டு இரவு பகலாகக் காத்தனர். தாயைக் காண வரும் பயணிகளிடம் கட்டணம் பெற்று, இருளில் அமைதியாக அழைத்துச் சென்று காட்டுவதிலும் ஊருக்கு வருமானம் கிடைத்தது. 2006 இல் அக்கரை கடலாமைச் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

தென்மேற்குக் கரையில், கொஸ்கொடை போன்ற இடங்களில், முட்டைகளை வாங்கிப் பொரிக்க வைக்கும் நிலையங்கள் நெடுங்காலமாக உண்டு. அவற்றால் பல முட்டைகள் சட்டிக்குப் போகாமல் தப்பியது உண்மை. எனினும் குஞ்சுகளைப் பயணிகளுக்குக் காட்டுவதற்காக நாட்கணக்கில் தொட்டியில் வைத்திருப்பது எமக்கு உடன்பாடில்லை. பொரித்தவுடன் உடம்பிலிருக்கும் சக்தியைக் கொண்டுதான் குஞ்சு அலை தாண்டி ஆழ்கடலை அடைகின்றது. அதைத் தொட்டியில் நீந்திச் செலவழித்துவிட்டால் பிறகு என்ன மிஞ்சும்?

கரையை மட்டும் காத்தால் போதாது என்பதையும் றெக்கவ ஆமைகளே காட்டிக் கொடுத்தன. 2006 இலும் 2007 இலும் அங்கு ஏறிய பத்துப் பேராமைகளின் ஓட்டில் செய்மதிக் கருவிகளைப் பொருத்தி ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தனர். மூன்று ஆமைகள் 60 கிலோமீற்றருக்குள்ளேயே தங்கிவிட்டன. ஐந்து ஆமைகள் 350 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஆழம் குறைந்த கரைக்கடல்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்னொன்று தொலைவிலுள்ள பவளத்தீவு வரை சென்றது. ஆகவே ஒரு கரையில் காப்பாற்றிய ஆமை வேறொரு கரையின் வலையில் மாளலாம். மன்னார்க் குடாவிலும் பாக்கு நீரிணைப் பக்கத்திலும் கடற்புல் வளரும் இடங்கள் பேராமைக்கும் கடற்பசுவுக்கும் மேய்ச்சல் நிலங்கள். கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடி அப்புல்லையும் பிடுங்கிவிடும். இலங்கைச் சட்டம் அத்தகைய இழுவை மடியை 2017 இல் தடைசெய்தது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லும் எம்மவர் சிலர் அதன் இறைச்சியை மட்டும் விரும்பி உண்பது வேடிக்கைதான். அழுங்காமை இறைச்சி சில வேளை கடும் நஞ்சாகும். சமைத்தாலும் அந்நஞ்சு போகாது, மாற்று மருந்தும் இல்லை. யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் 1921 இல் அதை உண்டவர்களில் பலர் இறந்தனர். முகாமில் இறைச்சி மலிவாகக் கிடைக்கின்றதென்று வாங்க நினைப்பவர்கள் இதை மறக்கலாகாது.

நல்ல செய்தியும் உண்டு. பல நாடுகளில் பல ஆண்டுகள் கூடு காத்ததன் பயனாக, உலக அளவில் பேராமை அழியும் ஆபத்திலுள்ள இனம் என்ற நிலையிலிருந்து 2025 ஒக்டோபரில் நீக்கப்பட்டது. அழுங்காமை இன்னும் மிகக் கடும் ஆபத்திலேயே உள்ளது.

வாசகர்கள் கூடொன்றைக் கண்டால் தோண்ட வேண்டாம். இட்டுச் சில மணி நேரம் கழிந்த முட்டையைப் புரட்டினாலே உள்ளிருக்கும் கரு இறந்துவிடும். நாயையும் பன்றியையும் தடுக்கச் சுற்றிவர முள் வைத்தால், குஞ்சு வெளியேறக் கடற்பக்கம் வழி விடுங்கள். அந்நாட்களில் கரையை நோக்கிய விளக்குகளை அணையுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று எண்ணி ஊருக்குள் ஏறிவிடும்.

வலையில் சிக்கிய ஆமை அசையாமல் கிடந்தால் செத்ததென்று எறிந்துவிடக் கூடாது. வயிற்றுப் பக்கம் கீழே இருக்கக் கிடத்தி, பின்பக்கத்தை ஒரு சாண் அளவு உயர்த்தி, நிழலில் ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள். மூக்கை மூட வேண்டாம். நுரையீரலில் புகுந்த நீர் மெல்ல வடியும். ஒரு நாள் வரை கூடப் பொறுத்துப் பார்க்கலாம். அசையத் தொடங்கியதும் இயந்திரத்தை நிறுத்தி, வலை இல்லாத பக்கமாக மெதுவாக இறக்கி விடுங்கள்.