டயருக்குள் ஒரு நீண்ட சங்கிலி

குயிலாப்பாளையத்துச் செம்மண் பாதையில் ஓடும் காரின் டயரைக் கவனித்திருக்கிறீர்களா? தரையில் உரசும் அதன் மேற்பகுதியில் பெரும்பாலும் செயற்கை ரப்பர் இருக்கும். நம் நாட்டில் 1963-இல் பரேலியில் தொடங்கிய தொழில் இது.

ஸ்டைரீனையும் பியூட்டாடையீனையும் சோப்பு நீரில் கலக்கினால் பால்போல் ஆகும். சோப்பு சூழ்ந்த நுண்துகள்களுக்குள் இரண்டின் மூலக்கூறுகளும் கைகோத்துச் சங்கிலியாக நீளும். நீளம் கூடினால் மூலக்கூறு எடையும் கூடும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் இதை 50 டிகிரி செல்சியஸில் செய்தார்கள். சங்கிலிகளில் கிளைகளும் முடிச்சுகளும் மிகுந்தன. பின்னர் 5 டிகிரிக்குக் குளிர்வித்துச் செய்தபோது சங்கிலி நேராக நீண்டது. டயர் தேய்வதும் குறைந்தது.

ஆனால் அளவு மீறி நீண்டால் ரப்பரை உருளைகளில் பிசையவே முடியாது! அதனால் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைச் சிறிது சேர்க்கிறார்கள். வளரும் சங்கிலியை அது நிறுத்தி, புதியதொன்றைத் தொடங்கிவைக்கும். சுமார் 60 விழுக்காடு ரப்பராக மாறியதும் வினையையே நிறுத்திவிடுவார்கள். பேராசைப்பட்டால் மறுபடி முடிச்சுதான். மிச்சத்தைப் பிரித்தெடுத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வார்கள்.