திராட்சைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர்: இலவச ‘க்யூட்’ போதுமா, காசு கட்டணுமா?

தேனி மாவட்டம் ஓடைப்பட்டி என்றாலே விதையில்லா திராட்சைதான். அந்த ஊர் இளைஞர் ஒருவர், திராட்சைப் பெட்டிகளுக்கு எடை, விலை, கமிஷன் கணக்குப் போடும் சாஃப்ட்வேர் எழுதி, சின்னமனூர், கம்பம் வியாபாரிகளுக்கும் விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடணும். அதற்குப் பலரும் கைகாட்டுவது ‘க்யூட்’. விஎல்சி ப்ளேயர், டெலிகிராமின் டெஸ்க்டாப் ஆப் எல்லாம் இதில் உருவானவைதான்.

நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனம் 1995-ல் வெளியிட்ட க்யூட், இன்று பின்லாந்தின் க்யூட் நிறுவனத்திடம் இருக்கிறது. இலவசம், கட்டணம் என இரண்டு லைசென்ஸ்.

என்ன வித்தியாசம்?

கோடிங் பெரும்பாலும் ஒன்றேதான். மாறுவது நிபந்தனை. இலவச க்யூட்டின் முக்கியப் பகுதிகள் ‘எல்ஜிபிஎல்’ லைசென்ஸில் கிடைக்கின்றன. நீங்கள் எழுதிய கோடை ரகசியமாக வைத்துக்கொண்டே விற்கலாம். ஆனால் க்யூட் பயன்படுத்தியிருப்பதைச் சொல்லணும், லைசென்ஸ் நகலும் க்யூட்டின் சோர்ஸ் கோடும் கிடைக்கச் செய்யணும், வாங்கியவர் விரும்பினால் க்யூட் ஃபைல்களை மட்டும் மாற்றிக்கொள்ள வழிவிடணும். அதனால் க்யூட் ஃபைல்களைத் தனியாக வைத்துக் கொடுப்பதே எளிது.

சிக்கல் எங்கே?

தினசரி விலையை வரைபடமாகக் காட்டலாமே என்று ‘க்யூட் சார்ட்ஸ்’ சேர்த்தால் கதை மாறிவிடும். இலவசப் பதிப்பில் அது ‘ஜிபிஎல்’. அதைச் சேர்த்து விற்றால், வாங்கியவருக்கு உங்கள் சோர்ஸ் கோடையும் கொடுக்கணும். அவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்தாலும் தடுக்க முடியாது. ஒரே ஒரு கடைக்குச் செய்துகொடுக்கிறீர்கள் என்றால் இது பெரிய விஷயமே இல்லை. பத்து கடைக்கு விற்பவருக்குத்தான் தலைவலி. பைத்தானில் எழுதுபவர்களுக்கும் இதே கதை: ‘பைக்யூட்’ ஜிபிஎல், ‘பைசைட்’ எல்ஜிபிஎல். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பலர் கவனிப்பதே இல்லை.

காசு கட்டினால் என்ன லாபம்?

இந்த நிபந்தனைகள் இல்லை, நிறுவனத்தின் உதவியும் உண்டு. பழைய பதிப்புகளுக்கு நீண்டகாலம் வரும் திருத்தங்களும் கட்டணக்காரர்களுக்கே முதலில். 2021 ஜனவரியில் 5.15 பதிப்பு அப்படித்தான் மாறியது. மருத்துவக் கருவி, கார் திரை செய்பவர்களுக்கு அது முக்கியம். பில்லிங் சாஃப்ட்வேருக்கு, எங்கள் பார்வையில், எல்ஜிபிஎல் போதும்.

நாளைக்கே இலவசப் பதிப்பை நிறுத்திட்டா?

1998-லேயே கேடிஇ அமைப்புடன் ட்ரோல்டெக் ஓர் ஏற்பாடு செய்துவிட்டது. இலவச வெளியீடு நின்றால், க்யூட்டை இன்னும் தளர்வான லைசென்ஸில் வெளியிடும் உரிமை அதற்கென அமைத்த அறக்கட்டளைக்கு வந்துவிடும். கை மாறிய பிறகும் அது தொடர்கிறது.

ஒன்று மட்டும் உஷார். இலவசத்தில் எழுதி முடித்துவிட்டு, விற்கும்போது கட்டண லைசென்ஸ் வாங்கிக்கலாம் என்று நினைக்காதீங்க. அப்படி மாற க்யூட் நிறுவனத்தின் அனுமதி வேணும். எது என்பதை முதல் வரி எழுதும் முன்பே முடிவு செய்யணும்.