கருத்துக் கணிப்பு: எத்தனை பேர் என்பதா, எவர் என்பதா?

கருத்துக் கணிப்பு என்பது ஒரு பெரிய மக்கள் தொகுதியின் எண்ணத்தை, அதில் ஒரு சிறு பகுதியினரிடம் கேள்வி கேட்டு மதிப்பிடும் முறையாகும். முன்பெல்லாம் தேர்தல் காலத்தில்தான் இச்சொல் காதில் விழும். இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் ஒரு கேள்வியையும் நான்கு விடைகளையும் எழுதி, சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கானோரிடம் வாக்குக் கேட்டுவிட முடிகிறது. "பத்தாயிரம் பேர் வாக்களித்தனர், 80 விழுக்காட்டினர் ஆதரவு" என்று ஒரு முடிவு வந்தால் அதை நம்பலாமா? இதற்கு விடை காண, கணிப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வாக்கெடுப்பும் கணிப்பும்

இவை இரண்டும் ஒன்றல்ல. ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலா எங்கே போவது என்று 40 பேரிடமும் கேட்டு முடிவு செய்தால் அது வாக்கெடுப்பு. அங்கே மதிப்பீடு எதுவும் இல்லை. எண்ணிப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்கள் எல்லோரும் எந்த விளையாட்டை விரும்புகிறார்கள் என்று அறிய, அவர்களுள் 1,000 பேரிடம் மட்டும் கேட்டால் அது கணிப்பு. கேட்கப்பட்டவர்களை 'மாதிரி' என்பர். கேட்கப்படாதவர்களைப் பற்றியும் அந்த மாதிரி பேச வேண்டியிருப்பதால், மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதே முக்கியமாகிறது.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறோம். அது சரிதான். பானையில் உள்ள அரிசி முழுவதும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வேகிறது. மக்கள் அப்படி இல்லை. நகரத்தார், கிராமத்தார், வசதி உள்ளவர், இல்லாதவர், இளையோர், முதியோர் என்று ஒவ்வொருவரும் வேறுவேறு அடுப்பில் வேகிறவர்கள். மேலாக ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு முழுப் பானையையும் பற்றிச் சொல்ல முடியாது. நன்றாகக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும்.

1936: பெரிய எண்ணிக்கையின் பெரிய தோல்வி

கிளறாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் 1936 அதிபர் தேர்தல் சிறந்த சான்று. சனநாயகக் கட்சியின் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் குடியரசுக் கட்சியின் ஆல்ஃபிரட் லாண்டனும் போட்டியிட்டனர். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் அதற்கு முந்தைய பல தேர்தல்களில் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லிப் பெயர் பெற்றிருந்தது. இம்முறை சுமார் ஒரு கோடி மாதிரி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. ஏறக்குறைய 24 லட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றில் லாண்டனுக்கு 12,93,669, ரூஸ்வெல்ட்டுக்கு 9,72,897. லாண்டன் எளிதாக வெல்வார் என்று இதழ் அறிவித்தது.

தேர்தலில் ரூஸ்வெல்ட் சுமார் 61 விழுக்காடு வாக்குகள் பெற்றார். அன்றிருந்த 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம் நின்றன. மெய்ன், வெர்மான்ட் ஆகிய இரண்டு மட்டுமே லாண்டனுக்குக் கிடைத்தன. 1938-இல் அந்த இதழே நின்றுபோனது.

இந்தத் தவறுக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, முகவரிகள் வந்த வழி. தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவுகளிலிருந்தும் அவை பெருமளவு எடுக்கப்பட்டன. அது பெரும் பொருளாதார மந்தக் காலம். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். வேலையிழந்து நின்ற ஏழை மக்களிடையேதான் ரூஸ்வெல்ட்டுக்குப் பெரும் ஆதரவு இருந்தது.

இரண்டாவது காரணம் அவ்வளவாக வெளியே தெரியாதது. சீட்டுப் பெற்றவர்களில் நான்கில் ஒருவரே பதில் அனுப்பினார். ரூஸ்வெல்ட்டின் ஆட்சி மீது கோபம் கொண்டவர்கள் சீட்டை நிரப்பி அனுப்புவதில் அதிக முனைப்புக் காட்டினர். சீட்டைப் பெற்றும் அனுப்பாதவர்களிடையே ரூஸ்வெல்ட்டுக்கு ஆதரவு கூடுதலாக இருந்தது என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது. தாமாக முன்வந்து பதில் சொல்பவர்கள் எல்லோருக்கும் பிரதிநிதிகள் ஆகமாட்டார்கள். விருப்பமுள்ளவர் மட்டும் பொத்தானை அழுத்தும் இன்றைய இணைய வாக்குகளுக்கும் இதே குறைபாடு உண்டு.

அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவரின் நிறுவனம் சுமார் 50,000 பேரிடம் மட்டும் கேட்டு, ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னது. மக்களின் பல பிரிவினரும் மாதிரியில் இடம்பெறும்படி அவர் பார்த்துக்கொண்டதே காரணம். ஆனால் 1948-இல் அவருடைய நிறுவனமும் சறுக்கியது. ஹாரி ட்ரூமன் தோற்பார், தாமஸ் டூயி வெல்வார் என்று முன்னணிக் கணிப்புகள் யாவும் சொல்ல, வென்றவர் ட்ரூமன். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே கேள்வி கேட்பதை நிறுத்தியது ஒரு குறை. ஒவ்வொரு பிரிவிலும் யாரைக் கேட்பது என்பதைக் களப்பணியாளரின் விருப்பத்துக்கு விட்டது மற்றொரு குறை. இதன் பிறகே சமவாய்ப்பு முறைக்கு மதிப்புக் கூடியது. சமவாய்ப்பு முறையில், யார் மாதிரியில் வருவார் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. கேட்பவரின் விருப்பத்துக்கும் பதில் சொல்பவரின் ஆர்வத்துக்கும் அங்கே இடமில்லை.

எத்தனை பேர் போதும்?

சமவாய்ப்பு முறையில் எடுத்த மாதிரியின் பிழை வரம்பைத் தோராயமாகக் கணக்கிடலாம். மாதிரியின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, 1-ஐ அதனால் வகுக்க வேண்டும். 100 பேர் என்றால் 10 விழுக்காடு. 400 பேர் என்றால் 5 விழுக்காடு. 1,000 பேர் என்றால் சுமார் 3 விழுக்காடு. 10,000 பேர் என்றால் 1 விழுக்காடு. அதாவது 1,000 பேரில் 52 விழுக்காட்டினர் ஆதரவு என்றால், உண்மை நிலை 49-க்கும் 55-க்கும் இடையே இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று கொள்ளலாம். எனவே 52-க்கு 48 என்பதை 'தெளிவான முன்னிலை' என்று எழுதுவது பொருந்தாது.

இந்தக் கணக்கில் நாட்டின் மொத்த மக்கள்தொகை வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கோடி பேர் உள்ள இடத்துக்கும் நூறு கோடி பேர் உள்ள இடத்துக்கும் 1,000 பேர் கொண்ட மாதிரி ஏறக்குறைய ஒரே துல்லியத்தைத் தரும். ஆனால் மாதிரியே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இந்தச் சூத்திரம் உதவாது. 24 லட்சம் பேர் சேர்ந்தும் 1936-இன் சாய்வை நேராக்க முடியவில்லை.

கேள்வியின் சொற்கள்

சரியானவர்களைத் தேர்ந்தெடுத்தாலும், கேள்வி கோணலாக இருந்தால் விடையும் கோணலாகும். மக்களாட்சிக்கு எதிரான பொதுப் பேச்சுகளைப் பற்றி அமெரிக்காவில் 1940-ஐ ஒட்டி இரு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். 'அனுமதிக்க வேண்டுமா?' என்றபோது 62 விழுக்காட்டினர் கூடாது என்றனர். 'தடை செய்ய வேண்டுமா?' என்றபோது 46 விழுக்காட்டினரே ஆம் என்றனர். அனுமதிக்காததும் தடை செய்வதும் நடைமுறையில் ஒன்றுதான். ஆனாலும் 'தடை' என்ற கடுஞ்சொல் பலரைத் தயங்க வைத்தது.

'பள்ளி நேரத்தை மாற்றி, விளையாட்டு வகுப்புகளைக் கூட்டலாமா?' என்பது போன்ற கேள்விகளும் தவறானவை. இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நேரத்தை மாற்ற விரும்பாமல் விளையாட்டை மட்டும் விரும்புபவர் என்ன விடை சொல்வார்? 'கருத்து இல்லை' என்ற விடையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தெரியாதவர்களும் எதையாவது தொட்டுவிட்டுப் போவார்கள்.

வாக்கு எண்ணுவதில் ஒரு சிக்கல்

எல்லோரும் வாக்களிக்கும் சிறு குழுவிலும் கவனம் தேவை. முன் சொன்ன 40 மாணவர்களில் மாமல்லபுரத்துக்கு 16 பேர், ஏற்காட்டுக்கு 13 பேர், தஞ்சாவூருக்கு 11 பேர் வாக்களித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாமல்லபுரம் முதலிடம். ஆனால் 24 பேர் அதைக் கேட்கவில்லை. தஞ்சாவூரைக் கேட்ட 11 பேரின் அடுத்த விருப்பம் ஏற்காடு என்றால், இரண்டாம் சுற்றில் ஏற்காடு 24-க்கு 16 என்று வென்றுவிடும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விடைகள் இருக்கும்போது, முதல் இரண்டுக்கு மட்டும் மறுவாக்கு நடத்துவது நியாயமானது. அதை முன்கூட்டியே அறிவித்துவிடவும் வேண்டும். முடிவு தெரிந்த பிறகு விதியை மாற்றினால் தோற்றவர்கள் ஏற்கமாட்டார்கள்.

பிறர் என்ன சொன்னார்கள் என்பதை முன்கூட்டியே காட்டுவதும் தவறு. எண்ணிக்கை ஏறுவதைப் பார்ப்பவர், வெல்லும் பக்கம் சாய்வதுண்டு. கைதூக்கச் சொன்னால் கூச்சமுள்ள பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டே கையைத் தூக்கும். சீட்டில் எழுதி மடித்துப் போடச் சொன்னால் தன் மனத்தில் உள்ளதை எழுதும். இந்தியச் சட்டமும் இந்தக் கவலையை மனத்தில் கொண்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இல் 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 126அ பிரிவு, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலத்தில் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளை வெளியிடத் தடை விதிக்கிறது. பல கட்டமாகத் தேர்தல் நடக்கும்போது, கடைசிக் கட்ட வாக்காளரும் முதல் கட்ட வாக்காளரைப் போலவே சுதந்திரமாக முடிவெடுக்க இது உதவுகிறது.

படிப்பவர் கேட்க வேண்டியவை

ஒரு கணிப்பின் முடிவைக் காணும்போது மாணவர்கள் சில கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். யாரிடம் கேட்டார்கள்? அவர்களை யார் தேர்ந்தெடுத்தது, அல்லது அவர்களே வந்து சேர்ந்தார்களா? கேட்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பதில் சொல்லவில்லை? கேள்வி எந்தச் சொற்களில் இருந்தது? எந்த நாட்களில் கேட்டார்கள்? பிழை வரம்பு என்ன? கணிப்பை நடத்தச் செலவு செய்தது யார்? இவற்றுக்கு விடை தரும் கணிப்பை, பிழை வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். 'இத்தனை லட்சம் பேர் வாக்களித்தனர்' என்று மட்டும் சொல்லும் கணிப்பில், வாக்களித்தவர்களின் கருத்து மட்டுமே தெரியும். மற்றவர்களின் கருத்து அதில் இல்லை.