மாசக் காசு இல்லாத டிவி: டிடி ஃப்ரீ டிஷ் நமக்கு ஒத்து வருமா?

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பசங்க அடிக்கடி கேட்கும் கேள்வி: "மாசா மாசம் காசு கட்டாம டிவி பார்க்க வழி இருக்கா ப்ரோ?" இருக்கு. சட்டப்படியே இருக்கு. அதுதான் டிடி ஃப்ரீ டிஷ். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி முழுசா கேட்டுருங்க.

2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தூர்தர்ஷன் ஆரம்பித்த சேவை இது. டிஷ், செட்டாப் பாக்ஸ் இரண்டுக்கும் ஒருமுறை செலவு, அவ்வளவுதான். சேனல்களைச் சுமப்பது ஜிசாட்-15. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் போனது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றுகிறது. அதனால் நம்ம கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி. டிஷ்ஷை ஒருதரம் திருப்பி வைத்தால் போதும்.

எங்கே திருப்புவது? திருச்சிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 125 டிகிரி, அதாவது தென்கிழக்கு. சத்திரத்தில் நின்றால் ஏறக்குறைய மலைக்கோட்டை இருக்கும் பக்கம். "அப்போ மலை மறைக்குமே?" மறைக்காது. செயற்கைக்கோள் 68 டிகிரிக்கு மேலே இருக்கு, தலையை நல்லா பின்னுக்குச் சாய்ச்சாதான் அந்தத் திசையைப் பார்க்க முடியும். 83 மீட்டர் மலை, அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால் 10 டிகிரிகூட வராது. டெல்லியில் இதே செயற்கைக்கோள் 52 டிகிரிதான். நமக்கு வில்லன் மலை இல்லை, பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க்.

இதுக்கு ஒரு அழகான டெஸ்ட் இருக்கு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிஷம், சூரியன் சரியாக ஜிசாட்-15க்குப் பின்னாலேயே வந்து நிற்கும். சூரியனும் ரேடியோ அலை விடும் என்பதால் அப்போது சிக்னல் தடுமாறும். அந்த நேரத்தில் உங்க மாடியில் டிஷ் வைக்கப்போற இடத்தில் வெயில் விழுதா? அப்போ வழி கிளியர்.

இனி கசப்பான விஷயம். தமிழ் சேனல் ரொம்பக் கம்மி. தனியார் சேனல்கள் இதில் இடம் பிடிக்க பிரசார் பாரதி நடத்தும் இ-ஏலத்தில் கோடிக்கணக்கில் கட்டணும். விளம்பரத்தில் அதை எடுக்க இந்திச் சந்தை அளவுக்குக் கூட்டம் வேணும். நம்ம ஊரில் கதையே வேற. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசே இலவச கலர் டிவி கொடுத்தது. 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது. அவ்வளவு மலிவா தமிழ் சேனல் எல்லாம் கம்பியில் வரும்போது மாடியில் டிஷ் எதுக்கு? பார்க்க ஆள் இல்லை, அதனால் சேனல் வரலை. சேனல் வரலை, அதனால் ஆள் இல்லை. தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை, கணக்குதான் இடிக்குது.

அதனால் அம்மாவுக்கு சீரியல் வேணும்னா கேபிளை வெட்டிடாதீங்க, வீட்டில் பெரிய சண்டை வரும். டிடி தமிழ், ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்கள், கொஞ்சம் இந்தி போதும்னா தாராளமா வாங்கலாம். கடையில் எம்பெக்-4 பாக்ஸ்னு கேட்டு வாங்குங்க. பழைய எம்பெக்-2 பாக்ஸில் ஒரு பகுதி சேனல்கள் வராது.